தைராய்டு புற்றுநோய்: ஆபரேஷனுக்குப் பிறகும் வேண்டும் ஒரு கண்

தைராய்டு புற்றுநோயில் மிகப் பெரும்பாலானது பாப்பில்லரி வகை. மெதுவாக வளரும், பெரும்பாலோருக்குக் குணமாகிவிடும். "பயப்படாதீங்க, இது நல்ல கேன்சர்" என்று ஆறுதல் சொல்வதும் அதனால்தான். அந்த ஆறுதலை நம்பியே சிலர் பரிசோதனைக்குப் போவதை நிறுத்திவிடுகிறார்கள் என்பதுதான் என் கவலை. பத்து, இருபது ஆண்டுகள் கழித்தும் இந்த நோய் தலைகாட்டுவதுண்டு.

எங்கே திரும்பும்?

பெரும்பாலும் கழுத்திலுள்ள நிணநீர்க் கணுக்களில். வலி இருக்காது. கைக்குத் தட்டுப்படும் முன்பே அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் காட்டிக்கொடுத்துவிடும். குரல் கம்மும்வரை காத்திருக்க வேண்டாம்.

ரத்தத்தில் தெரியும் தடயம்

தைரோகுளோபுலின் என்ற புரதத்தைத் தைராய்டு செல்கள் மட்டுமே சுரக்கின்றன. சுரப்பியை முழுவதும் எடுத்து, கதிரியக்க அயோடின் சிகிச்சையும் முடித்தவருக்கு இது ஏறக்குறைய இல்லாமலே போக வேண்டும். ஒரு முறை 0.4, அடுத்த முறை 0.9, பிறகு 2 என்று ஏறிக்கொண்டே போனால், உடம்பில் எங்கோ அந்தச் செல்கள் வளர்கின்றன என்று சந்தேகிக்க வேண்டும். ஒற்றை எண்ணைவிட இந்த ஏறுமுகம்தான் முக்கியம். அதனால் ஒரே லேபில் பரிசோதியுங்கள். பழைய ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப்போடாதீர்கள். கூடவே தைரோகுளோபுலினுக்கு எதிரான எதிர்ப்பொருள் உள்ளதா என்ற பரிசோதனையும் வேண்டும். அந்த எதிர்ப்பொருள் இருந்தால் தைரோகுளோபுலின் அளவை நம்ப முடியாது. முடி கொட்டுவதற்காகப் பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதையும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். அதுவும் முடிவைக் குறைத்துக் காட்டக்கூடும்.

டிஎஸ்ஹெச் குறைவு என்றால்...

நோய் திரும்பும் அபாயம் உள்ளவர்களுக்கு டிஎஸ்ஹெச் அளவை வேண்டுமென்றேதான் குறைத்து வைப்பார்கள். அது மிச்சமிருக்கும் செல்களைத் தூண்டிவிடும் ஹார்மோன். ரிப்போர்ட்டில் 'குறைவு' என்று பார்த்ததும் பதறி, நீங்களாகவே தைராய்டு ஹார்மோன் மாத்திரையைக் குறைக்காதீர்கள். நீண்ட காலம் மிகவும் குறைந்திருந்தால் எலும்பு தேயும், இதயத் துடிப்பு தடுமாறும் என்பதும் உண்மை. அதையெல்லாம் எடைபோட்டு டோஸை மாற்ற வேண்டியவர் உங்கள் டாக்டர்.

பரவிவிட்டால்?

நுரையீரலுக்கோ எலும்புக்கோ பரவினாலும் கதிரியக்க அயோடின் பலருக்குக் கைகொடுக்கிறது. காலப்போக்கில் சில புற்றுச் செல்கள் அயோடினை உறிஞ்சும் திறனை இழந்துவிடும். அந்த நிலைக்கென்று சோராஃபெனிப் என்ற மருந்து 2013-லும் லென்வாட்டினிப் 2015-லும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. மெதுவாக வளரும் சின்னஞ்சிறு கட்டிகளுக்கு உடனே மருந்து தொடங்காமல் கண்காணித்துவருவதும் முறையான சிகிச்சைதான். ஆனால் சில வாரங்களிலேயே கழுத்துக் கட்டி மளமளவென்று பெருத்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. அரிதான, மூர்க்கமான அனப்பிளாஸ்டிக் வகையாக இருக்கலாம்.

மெடுல்லரி வகை

இதற்குத் தைரோகுளோபுலின் உதவாது. ரத்தத்தில் கால்சிட்டோனின், சிஇஏ அளவுகளைத்தான் பார்க்க வேண்டும். சிலருக்கு இது பரம்பரையாக வருவதால் நோயாளிக்கு ரெட் மரபணுப் பரிசோதனை அவசியம். அதில் மாற்றம் தெரிந்தால், உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் பரிசோதனை செய்ய வேண்டும்.