புள்ளியுடை விண்மீனிற் கோள் தேடல்

விளக்கின் முன் விட்டில் பறக்குங்கால் ஒளி இமைப்பொழுது குன்றும். அங்ஙனமே, விண்மீனொன்றின் முகத்தை அதனைச் சுற்றும் கோள் கடக்கும்போது அம்மீனின் ஒளி சிறிது குறையும். இக்குறைவை அளந்து கோள் காண்டல் இக்கால வானநூலார் கைக்கொள்ளும் முறைகளுள் தலையாயது. ஆயின், விளக்கே நடுங்குவதாயின் விட்டிலை எங்ஙனம் அறிவது? இதனை ஈண்டு ஆராய்வாம்.

ஒளிக்குறைவு கொண்டு மறைபொருள் அறிதல் நமக்குப் புதிதன்று. எங்கள் தருமபுரி ஜில்லாவுக்கு வடகிழக்கே, ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வு நிலையத்தில், 1977ஆம் ஆண்டு மார்ச்சு 10ஆம் நாளிரவு, யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைக்குமுன்னரே அம்மீன் சில நொடி மங்கக் கண்டனர். பிறவிடத்தார் கண்டவற்றோடு இதனை ஒப்புநோக்கவே, யுரேனஸுக்கு வளையங்கள் உண்டென்பது வெளியாயிற்று.

அவ்விண்மீன் நிலையொளியது. ஏ.யு. மைக்ராஸ்கோப்பி என்னும் மீனோ அத்தகையதன்று. நமக்கு ஏறத்தாழ 32 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள இது, தோன்றி 2 கோடி ஆண்டளவே ஆன இளமீன். இதன் மேனியிற் பெரும் புள்ளிகள் உள, மீன் 4.86 நாளுக்கொருமுறை சுழலுந்தோறும் அவை ஒளியை ஏற்றியிறக்கும். திடீர்ச் சுடர் வெடிப்புகளும் உண்டு. இக்குழப்பத்தினிடையே, 8.46 நாளில் இதனைச் சுற்றிவரும் கோளொன்றை நாசாவின் டெஸ் துணைக்கோள் காட்டிற்று. 2020இல் அது வெளியிடப்பெற்றது. அக்கோள் மறைக்கும் ஒளி ஆயிரத்தில் ஏறத்தாழ 3 பங்கே. புள்ளிகள் குறைப்பதோ அதனினும் பன்மடங்கு.

இரண்டையும் பிரித்தறியக் கருவிகள் மூன்று. முதலாவது, வடிவம்: புள்ளியின் மங்கல் நாட்கணக்கில் மெல்ல வந்து மெல்லப் போகும், கோளின் மங்கல் சில மணியில் விரைந்து இறங்கி, விரைந்து ஏறும். இரண்டாவது, காலம்: புள்ளிகள் வளர்ந்து தேய்ந்து மறையும், கோளோ நிமிஷக் கணக்கிற் சிறிது பிறழினும் தன் தவணையில் மீண்டும் வரும். மூன்றாவது, நிறம்: புள்ளி சூடு குறைந்ததாதலின் அதன் மங்கல் நீலவொளியில் மிகும், செவ்வொளியிற் குறையும், கோளின் மங்கல் எந்நிறத்தும் ஏறக்குறைய ஒன்றேயாம்.

கோள் உண்டெனத் தெளிந்த பின்னும் விழிப்பு வேண்டும். கோள் ஒரு புள்ளிமேற் செல்லின் மங்கல் சற்றே குறையும். அது செல்லாத பக்கத்துப் புள்ளிகளைக் கணக்கிற் கொள்ளாவிடின், கோள் உள்ளதினும் பெரிதாகத் தோன்றும். அளவு பிழைப்பின், அது பாறையோ வாயுவோ என்னும் முடிவும் பிழைபடும்.

1855இல் சென்னை வானாய்வு நிலையத் தலைவர் ஜேக்கப் என்பார், 70 ஒபியூகை என்னும் இரட்டை மீனிற் கோள் உண்டெனக் கருதினார். அவர் கண்டது வேறு முறையால். பின்வந்தோர் ஆய்வில் அக்கருத்து நிலைபெறவில்லை. ஆதலின் ஒரு மங்கல் கண்டவுடன் கோளென முடிவு கட்டாது, அது மீண்டும் வருமோவெனக் காத்திருத்தலே மெய்யுணர்வார் கடன். இளமீன்களை இத்துணை அரிதின் ஆராய்வதும் வீணன்று. கோள்களின் குழவிப் பருவத்தை அங்கன்றோ காணலாகும்!