சாக வேண்டும் என்று எழுதுகிறவருக்கு என்ன வேண்டும்?

ஜப்பானில் தோக்கியோவுக்குத் தென்மேற்கே ஸாமா என்றொரு ஊர். 2017 அக்டோபர் கடைசியில் அங்கே ஒரு சிறிய வாடகை வீட்டைச் சோதனையிட்ட போலீசார் ஒன்பது பேருடைய உடல்களைக் கண்டெடுத்தார்கள். எட்டுப் பெண்கள், ஓர் ஆண். மூத்தவருக்கு வயது 26, இளையவருக்கு 15. அந்த வீட்டில் குடியிருந்த தகாஹிரோ ஷிராயிஷி, சாக வேண்டும் போலிருக்கிறது என்று ட்விட்டரில் எழுதுகிறவர்களைத் தேடிப் பிடிப்பான். உதவி செய்கிறேன் என்பான், சேர்ந்தே சாகலாம் என்பான். அப்படி நம்ப வைத்துத்தான் வரவழைத்திருந்தான்.

இறந்தவர்கள் சாக விரும்பியவர்கள்தானே, கொல்லப்படுவதற்கு அவர்களே சம்மதித்தார்கள், ஆகையால் தண்டனையைக் குறைக்க வேண்டும் என்று அவனுடைய வக்கீல்கள் வாதிட்டார்கள். அந்த வாதத்தை மறுத்தவர்களில் ஷிராயிஷியும் ஒருவன். யாரும் சம்மதிக்கவில்லை என்று தன் வக்கீல்களுக்கு எதிராகவே சொன்னான். 2020 டிசம்பரில் வந்த தீர்ப்பும் அதையே சொன்னது: ஒன்பது பேரில் ஒருவர்கூட, குறிப்பால்கூட, சம்மதம் தரவில்லை. மரண தண்டனை 2025 ஜூனில் நிறைவேறியது.

கொலையாளியை விட்டுவிடுவோம். சாக வேண்டும் என்று ஊரறிய எழுதியவர்கள் சாவதற்கு ஒப்புக்கொண்டவர்கள் அல்ல என்று ஒரு நீதிமன்றம் கண்டது அல்லவா, அதுதான் இங்கே விஷயம். அப்படியானால் அவர்கள் எழுதியது பொய்யா? பொய்யில்லை. அந்த எண்ணமும் உண்மை, அதற்கு எதிரான எண்ணமும் உண்மை. இரண்டும் ஒரே மனதில் ஒரே நேரத்தில் இருக்கும்.

தற்கொலையைப் பற்றி வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்தவர் அமெரிக்க உளவியலாளர் எட்வின் ஷ்னைட்மன். 1958இல் லாஸ் ஏஞ்சலிஸில் தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். அவர் முக்கியமாகச் சொன்ன செய்திகள் மூன்று. இவர்கள் தேடுவது சாவை அல்ல, தாங்க முடியாத மனவலி நிற்பதை. அந்த வலி உச்சத்தில் இருக்கும்போது பார்வை சுருங்கிவிடுகிறது. கிணற்றின் அடியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியும் வட்டம்தான் வானம் என்று தோன்றுவதைப் போல, ஒரே ஒரு வழிதான் இருப்பதாகத் தோன்றுகிறது. மூன்றாவது, கடைசி வரைக்கும் இரண்டு மனம் இருக்கிறது.

இந்த மூன்றாவதைச் சும்மா ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. உயிரை விடும் முடிவோடு வந்து கடைசி நேரத்தில் தடுக்கப்பட்ட 515 பேரைப் பற்றி ரிச்சர்ட் சைடன் என்ற ஆய்வாளர் 1978இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். பல ஆண்டுகள் கழிந்த பின்னும் அவர்களில் 94 சதவீதம் பேர் ஒன்று உயிரோடு இருந்தார்கள், இல்லையென்றால் இயற்கையாக இறந்திருந்தார்கள். இன்றைக்குத் தடுத்தால் நாளைக்குச் செய்துகொள்ளத்தானே போகிறார் என்று நம் ஊரில் சர்வசாதாரணமாகச் சொல்வார்கள். கணக்கு அப்படி இல்லை. ஆபத்து உச்சத்தில் இருக்கும் நேரம் பெரும்பாலும் குறுகியது. அதைத் தாண்ட வைப்பதுதான் தடுப்பு என்பதன் முக்கால்வாசி வேலை.

இப்போது, சாவைப் பற்றியே பேசும் இணையக் குழுக்களுக்கு வருவோம். அங்கே போகிறவர்களைக் குறைசொல்வதற்கு முன், ஏன் போகிறார்கள் என்று கேட்பது நியாயம். வீட்டில் இந்தப் பேச்சை எடுத்தால் என்ன நடக்கிறது? “உனக்கென்ன குறை வெச்சோம்?” “பைத்தியம் மாதிரி பேசாதே.” “குலதெய்வம் கோயிலுக்குப் போயிட்டு வா, சரியாயிடும்.” அம்மா அழ ஆரம்பித்தால், வலியில் இருக்கிறவரே அம்மாவைத் தேற்ற வேண்டியிருக்கிறது. நண்பர்களிடம் சொன்னால் பேச்சை மாற்றுகிறார்கள். இரவு இரண்டு மணிக்கு, முகம் தெரியாத யாரோ ஒருவர் அதிர்ச்சியடையாமல், அறிவுரை சொல்லாமல், “எனக்கும் அப்படித்தான்” என்று பதில் எழுதும்போது நெஞ்சு கொஞ்சம் இளகத்தான் செய்யும்.

அந்தத் தேவை உண்மையானது. லண்டனில் பாதிரியார் சாட் வாரா 1953இல் தொடங்கிய சமாரிட்டன்ஸ் என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பு அதன் மேல்தான் எழுந்தது. அவருடைய ஆலோசனைக்காகக் காத்திருந்தவர்களோடு சாதாரணத் தொண்டர்கள் உட்கார்ந்து தேநீர் கொடுத்துக் காது கொடுத்தார்கள். பலருக்கு அதுவே போதுமானதாக இருந்ததை அவர் கவனித்தார். 1974இல் இலங்கையில் சுமித்ரயோவும், 1986இல் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் தொடங்கிய சிநேகாவும் அதே வழியில் வந்தவை.

காது கொடுப்பது இணையக் குழுவிலும் இருக்கிறது, இந்த அமைப்புகளிலும் இருக்கிறது. வேறுபாடு எங்கே என்றால், கேட்கிறவர் உங்களுடைய எந்த மனதோடு பேசுகிறார் என்பதில்.

சிநேகா போன்ற இடத்தில் தொலைபேசியை எடுக்கிறவர் வலியை மறுப்பதில்லை. ஆனால் பேசிக்கொண்டிருக்கும்போதே, இந்த நேரத்தில் அவரை அழைக்க வைத்த அந்த இன்னொரு மனதுக்கும் இடம் கொடுக்கிறார். சாவையே பேசுபொருளாகக் கொண்ட குழுவில் அந்த இன்னொரு மனதுக்கு இடமில்லை. தயங்குகிறவர் கோழை, மருத்துவரிடம் போகச் சொல்கிறவர் புரியாதவர், முடிவெடுத்துவிட்டேன் என்கிறவர்தான் தெளிவானவர் என்ற மரியாதை வரிசை அங்கே மெல்ல உருவாகிவிடுகிறது. மரியாதைக்கு ஏங்கி வந்த இளைஞர் எந்தப் பக்கம் சாய்வார் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதைவிட நுட்பமான ஓர் ஆபத்தும் உண்டு. பலரும் இதைக் கவனிப்பதில்லை. கொஞ்சம் தேறியவர் அந்தக் குழுவுக்கு மறுபடி வருவதில்லை. வேலை கிடைக்கிறது, மருந்து வேலை செய்யத் தொடங்குகிறது, ஒரு தோழி வாய்க்கிறாள். அவர் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துவிடுகிறார். மிஞ்சுகிறவர்கள் இன்னும் தேறாதவர்கள் மட்டும். புதிதாக வருகிறவர் சுற்றிப் பார்க்கிறார்: இத்தனை பேர், ஒருவருக்குக்கூடச் சரியாகவில்லை. எனக்கும் சரியாகாது என்று முடிவுகட்டுகிறார். குணமாகி வீட்டுக்குப் போனவர்களை எண்ணாமல் படுக்கையில் இருப்பவர்களை மட்டும் எண்ணிப் போட்ட கணக்கு அது.

முறைகளைப் பற்றிய பேச்சும் அங்கே நடக்கிறது. அதைப் பற்றி இங்கே ஒரு வார்த்தையும் எழுதப்போவதில்லை. எண்ணத்திலிருந்து திட்டத்துக்குப் போக நடுவில் இருக்கும் தடைகளே பலரைக் காப்பாற்றுகின்றன, அந்தத் தடைகளை இந்தப் பேச்சு ஒவ்வொன்றாக அகற்றுகிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கூடவே, எதிர்முனையில் இருப்பவர் யார் என்பதும் தெரியாது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் நடுவயதுள்ள ஓர் ஆண் செவிலியர், தன்னை மனமுடைந்த இளம்பெண் என்று சொல்லிக்கொண்டு இத்தகைய இணையக் களங்களில் உலவினார். நானும் உன்னோடு இறந்துவிடுகிறேன் என்று ஒப்பந்தம் செய்துகொள்வார். தான் இறக்கும் எண்ணம் அவருக்குத் துளியும் கிடையாது. இங்கிலாந்தில் ஒருவரும், கனடாவில் 18 வயதுக் கல்லூரி மாணவி ஒருவரும் இறந்த வழக்குகளில் அவர் குற்றவாளி எனத் தீர்ப்பானது. அவரை முதலில் அடையாளம் கண்டு விடாமல் துரத்தியவர் போலீஸ்காரர் அல்ல. இங்கிலாந்துக் கிராமம் ஒன்றில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை. பிறகு 2014இல் மினசோட்டா உச்ச நீதிமன்றம், தற்கொலையை ‘ஊக்குவிப்பதை’க் குற்றமாக்கிய சட்டப்பகுதி பேச்சுரிமைக்கு எதிரானது என்று நீக்கிவிட்டது; ‘உதவுவது’ மட்டும் குற்றமாக நின்றது. கீழ் நீதிமன்றம் வழக்கை மறுபடி பரிசீலித்துத்தான் தண்டித்தது. சட்டம் இந்த விஷயத்தில் எவ்வளவு தடுமாறுகிறது என்பதற்கு அந்த வழக்கே சாட்சி.

குழுவில் சேராமலும் இணையத்தால் ஆபத்து நேரலாம். லண்டனைச் சேர்ந்த மோலி ரஸ்ஸலுக்கு வயது 14. 2017 நவம்பரில் இறந்தாள். இறப்பதற்கு முந்தைய ஆறு மாதங்களில் இன்ஸ்டாகிராமில் அவள் சேமித்த, விரும்பிய, பகிர்ந்த பதிவுகள் சுமார் 16,300. அவற்றில் 2,100 மனச்சோர்வு, சுயகாயம், தற்கொலை தொடர்பானவை. எல்லாவற்றையும் அவள் தேடிப் போகவில்லை. ஒன்றைப் பார்த்தால் அதுபோல ஒன்பதைக் கொண்டுவந்து கொட்டும் அல்காரிதம் கொடுத்தது. 2022 செப்டம்பரில் மரண விசாரணை அதிகாரி, இணையத்தில் பார்த்தவற்றின் பாதிப்பும் அவள் சாவுக்கு ஒரு காரணம் என்று பதிவு செய்தார். பிரிட்டனின் 2023ஆம் ஆண்டு இணையப் பாதுகாப்புச் சட்டத்துக்கு அந்த விசாரணையும் உந்துதலாக இருந்தது.

அப்படியானால் தற்கொலை எண்ணத்தைப் பற்றி இணையத்தில் பேசவே கூடாதா? பேசலாம். ஆஸ்திரிய ஆய்வாளர் தாமஸ் நீடர்குரோட்டன்தாலரும் அவர் குழுவினரும் 2010இல் வெளியிட்ட ஆய்வு, அந்த எண்ணம் வந்தும் அதைக் கடந்துவந்தவர்களைப் பற்றிய செய்திகள் தற்கொலை குறைவதோடு தொடர்புடையவை என்று காட்டியது. நல்ல குழுவை அடையாளம் காண்பது கடினமுமில்லை: அங்கே பொறுப்பாளர் இருப்பார், முறைகளைப் பற்றிய பேச்சு உடனே நீக்கப்படும், அவசரத்தில் யாரைக் கூப்பிடுவது என்பது கண்ணில் படும்படி இருக்கும், தேறியவர் திரும்பி வந்து பேசுவார். வெளியே உள்ள ஒருவரிடமும் சொல்லாதே என்கிற குழு எதுவானாலும் வெளியேறிவிடுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு. நேரடியாகக் கேளுங்கள்: “சாகணும்னு தோணுதா?” கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்ற பயம் ஆய்வுகளில் மெய்ப்படவில்லை, கேட்பது பெரும்பாலும் பாரத்தைக் குறைக்கிறது. ஆம் என்று பதில் வந்தால் கத்தாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள். தனியே விடாதீர்கள், ஆபத்தான பொருட்களை வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள், மனநல மருத்துவரிடம் கூடவே போங்கள். போனைப் பிடுங்கி உடைப்பது பல வீடுகளில் முதல் வேலையாக நடக்கிறது. பேச்சுத்துணை என்று அவர் நம்பிய ஒன்றைப் பறித்துவிட்டு அந்த இடத்தை வெறுமையாக விடுவது அது. என்ன பார்க்கிறாய், யாரோடு பேசுகிறாய் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். போலீஸ் வழக்கு வருமோ என்று ஆஸ்பத்திரிக்குப் போகத் தயங்குகிறவர்களும் இருக்கிறார்கள். இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆவது பிரிவு, வேறுவிதமாக நிரூபிக்கப்படாத வரை, உயிரை மாய்க்க முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ளப்பட வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. சிகிச்சையும் மறுவாழ்வும் தருவதை அரசின் கடமையாகவும் அது வைத்திருக்கிறது.

2022இல் தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர் தற்கொலையால் இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குக் காட்டுகிறது. ஆகவே இதைப் படிப்பவர்களில், வீட்டில் உள்ள ஒருவராக அல்லாமல், அந்த வலியிலேயே இருக்கிறவரும் இருக்கலாம். உங்களுக்குச் சொல்ல என்னிடம் தத்துவம் ஏதுமில்லை. இந்த இரவில் முடிவு எதுவும் எடுக்க வேண்டாம். யாராவது ஒருவரை எழுப்புங்கள். பக்கத்தில் யாரும் இல்லையென்றால் டெலி மானஸ் உதவி எண் 14416ஐ அழையுங்கள். இந்தியா முழுவதும் 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். தமிழ்நாட்டில் 104. சிநேகா 044-24640050. இலங்கையில் 1926, சிங்கப்பூரில் 1767. பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. என்ன பேசுவதென்று தெரியவில்லை என்றே தொடங்கலாம். எடுக்கிறவர்களுக்கு அது பழக்கம்தான்.