ஐந்து மில்லி... எந்தப் பாட்டிலிலிருந்து?

மழைக்காலம் பிறந்துவிட்டால் குழந்தை டாக்டர்களின் வாசலில் கூட்டம் நிற்கும். காய்ச்சல், தொண்டை வலி, காது வலி, இருமல் என்று குழந்தைகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு தாய்மார்கள் வரிசையில் காத்திருப்பார்கள். திரும்பும்போது அவர்களில் சிலர் கையில் ஒரு சிறு பாட்டில் இருக்கும். அதில் உள்ள மருந்துக்கு அஸித்ரோமைஸின் என்று பெயர். பழ வாசனையும் இனிப்பும் கலந்த திரவ மருந்து. குழந்தைகள் அதிகம் முரண்டு பிடிக்காமல் குடித்துவிடும். "நாளுக்கு ஒரு வேளை, மூன்றே நாள்" என்று டாக்டர் சொல்லும்போது தாய்க்கு மனம் லேசாகிறது.

மூன்றே நாள் மருந்துதானே என்று இதை இலேசாக எண்ணிவிடக் கூடாது. கிருமிகளோடு போர் புரிய வைத்தியர்களிடம் உள்ள நல்ல ஆயுதங்களில் இது ஒன்று. ஆயுதம் கூர்மையாக இருந்தால், எடுப்பவர் கையில் கவனமும் இருக்க வேண்டும் அல்லவா?

மண்ணில் கிடைத்த செல்வம்

இந்த மருந்தின் வமிசத்துக்கு மாக்ரோலைடு என்று பெயர். பெரிய வளையம் போன்ற அமைப்புடைய மருந்துகள் என்பது பொருள். இவற்றுள் மூத்தது எரித்ரோமைஸின். 1949-ல் பிலிப்பைன்ஸ் நாட்டில் அபெலார்டோ அகிலர் என்ற டாக்டர், இலோயிலோ பகுதி மண்ணில் கொஞ்சம் எடுத்து அமெரிக்காவில் உள்ள எலி லில்லி கம்பெனிக்கு அனுப்பி வைத்தார். அந்த மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிரிலிருந்து பிரித்தெடுத்த மருந்துதான் 1952-ல் வெளிவந்த எரித்ரோமைஸின். பென்ஸிலின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது பெரிய வரப்பிரசாதமாக அமைந்தது.

ஆனால் அதில் ஒரு குறை இருந்தது. வயிற்றிலுள்ள அமிலத்தில் அது எளிதில் சிதைந்துவிடும். நாளுக்குப் பல வேளை கொடுக்க வேண்டியிருந்தது, வயிற்றையும் புரட்டும். 1980-ல், அப்போது யூகோஸ்லாவியாவிலும் இப்போது குரோஷியாவிலும் உள்ள ஸாக்ரெப் நகரில், பிளிவா கம்பெனியின் விஞ்ஞானிகள் எரித்ரோமைஸின் வளையத்துக்குள் ஒரு நைட்ரஜன் அணுவைப் புகுத்தினார்கள். பதினான்கு அணுக்கள் கொண்ட வளையம் பதினைந்து அணுக்கள் கொண்டதாயிற்று. அதுவே அஸித்ரோமைஸின்.

இந்தச் சிறு மாறுதலால் விளைந்த பலன் பெரிது. புதிய மருந்து அமிலத்தைத் தாங்கியது; உடலின் தசைகளிலும் உறுப்புகளிலும் போய்த் தங்கியது. பெரியவர்கள் உடலில் சேர்ந்த மருந்தில் பாதி வெளியேறவே சுமார் 68 மணி நேரம், அதாவது ஏறக்குறைய மூன்று நாள் ஆகிறது. அதனால்தான் மூன்று நாள் கொடுத்து நிறுத்திய பிறகும் அது உள்ளே வேலை செய்துகொண்டிருக்கிறது. நன்மை நீடிப்பது போலவே தவறும் நீடிக்கும் என்பதைத் தாய்மார்கள் நினைவில் வைக்க வேண்டும். கூடுதலாகக் கொடுத்துவிட்ட மருந்தைத் திரும்ப வாங்க முடியாது.

இரண்டு பாட்டில்கள்

தவறு பெரும்பாலும் எங்கே நேருகிறது? பாட்டிலில் அச்சிட்ட எண்ணைப் பார்க்காமல் விடுவதில்தான்.

கடைகளில் இந்தத் திரவ மருந்து முக்கியமாக இரண்டு வீரியங்களில் கிடைக்கிறது. ஒன்றில் 5 மில்லி லிட்டருக்கு 100 மில்லி கிராம் மருந்து இருக்கும். மற்றொன்றில் அதே 5 மில்லி லிட்டருக்கு 200 மில்லி கிராம் இருக்கும். பாட்டில் ஒன்று போல இருக்கும். நிறமும் ருசியும்கூட ஒன்று போல இருக்கலாம். உள்ளே இருக்கும் மருந்து மட்டும் இரண்டு மடங்கு.

ஒரு கணக்குப் பார்ப்போம். பல நோய்களுக்குக் குழந்தையின் எடையில் ஒரு கிலோவுக்கு 10 மில்லி கிராம் என்பது வைத்தியர்கள் வழக்கமாகக் கொள்ளும் அளவு. 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு நாளுக்கு 100 மில்லி கிராம் ஆகிறது. முதல் பாட்டிலானால் 5 மில்லி. இரண்டாவது பாட்டிலானால் இரண்டரை மில்லிதான். "போன தடவை ஐந்து மில்லி கொடுத்தோமே" என்று இரண்டாவது பாட்டிலிலிருந்தும் 5 மில்லி கொடுத்தால் குழந்தை இரட்டிப்பு மருந்தைக் குடித்துவிடும். தொண்டைப் புண்ணுக்கும் டைபாய்டுக்கும் அளவும் நாளும் வேறுபடும். ஆகையால் மேலே சொன்ன கணக்கு விளங்கிக்கொள்வதற்கே தவிர, வீட்டில் வைத்தியம் செய்வதற்கு அல்ல.

இன்னொன்று: அளவை நிர்ணயிப்பது வயதன்று, எடை. மூன்று வயதுக் குழந்தைகள் இருவரில் ஒன்று 11 கிலோவும் மற்றொன்று 15 கிலோவும் இருக்கலாம். எதிர்வீட்டுக் குழந்தைக்குக் கொடுத்த அளவு நம் வீட்டுக் குழந்தைக்குப் பொருந்தாது. ஆறு மாதத்துக்கு முந்திய சீட்டும் இன்று பொருந்தாது, குழந்தை வளர்ந்திருக்கும்.

கரண்டி வேண்டாம்

சமையலறைக் கரண்டிகள் வீட்டுக்கு வீடு, ஏன், ஒரே வீட்டிலேயே ஒன்றுக்கொன்று வித்தியாசப்படும். பாலாடையும் மருந்தளக்கும் கருவி அல்ல. மருந்தோடு வரும் அளவு மூடியைச் சமதளத்தில் வைத்து, கண் மட்டத்தில் பார்த்து அளக்க வேண்டும். இரண்டரை மில்லி போன்ற சிறு அளவுகளுக்கு ஊசி இல்லாத சிரிஞ்சே மேல். குழந்தையை நிமிர்த்தி உட்கார வைத்து, கன்னத்தின் உட்புறமாகச் சிறிது சிறிதாக விட வேண்டும். வீறிட்டு அழும்போது வாயில் ஊற்றினால் புரையேறும்.

சில பாட்டில்களில் மருந்து பொடியாக வரும். முதலில் பாட்டிலைத் தட்டிப் பொடியை உதிர்த்துக்கொண்டு, காய்ச்சி நன்றாக ஆறிய தண்ணீரையோ உடன் தரும் தண்ணீரையோ மட்டும் சேர்க்க வேண்டும். பாட்டிலில் கோடு இருந்தால், குலுக்கி நுரை அடங்கியபின் மறுபடி அந்தக் கோடு வரை நிரப்ப வேண்டும். வெந்நீரும் பாலும் கூடவே கூடாது. ஒவ்வொரு வேளையும் நன்றாகக் குலுக்குவது அவசியம். குலுக்காவிட்டால் மருந்து அடியில் தங்கி, முதல் வேளை வெறும் இனிப்புத் தண்ணீராகவும் கடைசி வேளை அளவு மீறியதாகவும் போகும். கலக்கிய மருந்தை எத்தனை நாள் வைக்கலாம் என்பது பாட்டிலிலேயே அச்சாகியிருக்கும். மிச்சத்தை அடுத்த காய்ச்சலுக்கு என்று பத்திரப்படுத்துவது ஆபத்து.

ஆகாரத்துக்குப் பின் கொடுத்தால் வயிற்றுப் புரட்டல் குறையும். அலுமினியம், மெக்னீஷியம் கலந்த வயிற்றெரிச்சல் மருந்தைச் சேர்த்துக் கொடுக்கக் கூடாது. இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். மருந்து குடித்த அரை மணிக்குள் குழந்தை வாந்தி எடுத்துவிட்டால், மறுபடி கொடுக்கலாமா என்று டாக்டரைக் கேட்டுக்கொள்வதே நல்லது.

பச்சைக் குழந்தைகள்

1999-ல் அமெரிக்காவில் டென்னஸி மாநிலத்து நாக்ஸ்வில் நகரில் ஓர் ஆஸ்பத்திரியில், கக்குவான் இருமல் தொற்றிவிடக் கூடாதே என்று பிறந்த சுமார் 200 பச்சைக் குழந்தைகளுக்கு எரித்ரோமைஸின் கொடுக்கச் சொன்னார்கள். அவர்களில் ஏழு குழந்தைகளுக்கு இரைப்பையின் அடிவாய்த் தசை தடித்து, பால் கீழே இறங்காமல் அடைத்துக்கொண்டது. இதை ஆபரேஷன் செய்துதான் சரிப்படுத்த வேண்டும். பிறந்து ஆறு வாரத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அஸித்ரோமைஸினாலும் இந்தத் தொல்லை வரக்கூடும் என்று 2015-ல் வெளிவந்த ஆராய்ச்சி காட்டியது. முதல் இரண்டு வாரத்தில் அபாயம் அதிகம்.

ஆனாலும் கக்குவான் இருமல் பச்சைக் குழந்தையின் உயிருக்கே உலை வைக்கும் நோயாகையால், டாக்டர்கள் யோசித்து இதைக் கொடுப்பதுண்டு. அப்படிக் கொடுத்தால், குழந்தை பால் குடித்தவுடன் பீறிட்டு வாந்தி எடுக்கிறதா என்று கவனிக்க வேண்டும். எடுத்தால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்களுக்கு இந்த மருந்து ஆபத்தாகலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிலையம் 2013-ல் எச்சரித்தது. குழந்தைக்கு இதய நோய் உண்டா, வேறு மருந்து என்ன சாப்பிடுகிறது, முன்பு இந்த மருந்தால் மஞ்சள் காமாலை வந்ததா என்பதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். உடம்பில் தடிப்பு, முகவீக்கம், மூச்சுத் திணறல் கண்டால் மருந்தை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

சளிக்கு இது மருந்தல்ல

சாதாரண ஜலதோஷம் வைரஸால் வருவது. அஸித்ரோமைஸின் வைரஸைக் கொல்லாது. தேவையில்லாமல் கொடுக்கும் ஒவ்வொரு வேளையும், உடலில் உள்ள கிருமிகளுக்கு இந்த மருந்தை எதிர்த்து நிற்கக் கற்றுக்கொடுக்கும் பாடமாகிறது. பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் 2016-ல் தொடங்கிய டைபாய்டில் பழைய மருந்துகள் பலவும் தோற்றன. வாய் வழியாகக் கொடுப்பதற்கு அஸித்ரோமைஸின் ஒன்றே மிஞ்சியது. இந்த மருந்துக்கும் அடங்காத டைபாய்டுக் கிருமி 2019-ல் பங்களாதேஷில் இருப்பதாகத் தெரியவந்தது. கடைசி ஆயுதமும் மழுங்கினால் நம் குழந்தைகளை எதைக் கொண்டு காப்பது?

உலக சுகாதார ஸ்தாபனம் இதைக் கண்காணிக்க வேண்டிய மருந்துகளின் வரிசையில் வைத்திருக்கிறது. டாக்டர் சீட்டு இல்லாமல் இத்தகைய மருந்துகளை வாங்கக் கூடாது என்பதை நினைவூட்டத்தான் சிவப்புக் கோடு போடுகிறார்கள். 2016-ல் நம் மத்திய அரசு இதைப் பற்றிப் பிரசாரமும் தொடங்கியது.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள். இந்த மருந்து விஷயத்தில் அளவு குறைந்தாலும் கெடுதல்தான். குழந்தை தேறிவிட்டதே என்று இரண்டாம் நாளே நீங்களாக நிறுத்துவதும் தவறு. நிறுத்துவதானால் டாக்டரைக் கேட்டுச் செய்யுங்கள். அடுத்த முறை மருந்துச் சீட்டை வாங்கும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: குழந்தையின் இன்றைய எடைக்கு எத்தனை மில்லி? எந்த வீரியமுள்ள பாட்டிலில்? எத்தனை நாள்? பதிலைச் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். கடையில் வேறு பாட்டில் கொடுத்தால், மூடியைத் திறக்குமுன் மறுபடி கேளுங்கள்.