மழைநீரில் நடக்கும் பிள்ளைகளுக்கு எந்தக் காலணி ஏற்றது? பெற்றோர் அறிய வேண்டியவை

மும்பை: தென்மேற்குப் பருவமழை மும்பையை எட்டுவதும், மகாராஷ்டிரத்தில் பள்ளிகள் கோடை விடுமுறைக்குப் பின் திறக்கப்படுவதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில், ஜூன் மாதத்தில் நிகழ்கின்றன. எனவே தாணே வந்தனா சினிமா பகுதி, மாட்டுங்கா காந்தி மார்க்கெட் போன்ற தாழ்வான இடங்களில் தேங்கும் நீரைக் கடந்தே பிள்ளைகள் பள்ளி செல்ல நேரிடுகிறது.

இந்த நீரில் உள்ள முக்கிய அபாயம் லெப்டோஸ்பைரோசிஸ் எனப்படும் எலிக்காய்ச்சல். எலி, நாய், கால்நடை ஆகியவற்றின் சிறுநீரில் வெளியேறும் பாக்டீரியா, காலில் உள்ள வெட்டு, சிராய்ப்பு வழியாக உடலுக்குள் நுழைகிறது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. மழை பதிவானது. அந்த வெள்ளத்தைத் தொடர்ந்து மும்பையில் இந்நோய் பலரைத் தாக்கியது.

எது எதற்கு?

துளைகள் கொண்ட நுரை ரப்பர் செருப்புகளும், வலைத்துணியாலான நீர்க்காலணிகளும் நீரை விரைவில் வெளியேற்றும். கண்ணாடித் துண்டு, ஆணி ஆகியவற்றால் ஏற்படும் காயத்தையும் ஓரளவு தடுக்கும். ஆனால் அவை நீரை உள்ளே விடுபவை; எனவே கிருமியைத் தடுக்க மாட்டா. காலில் புண் உள்ள பிள்ளைக்கு இவை போதுமானவை அல்ல.

கம்பூட் எனப்படும் நீண்ட ரப்பர் காலணி, அதன் உயரம் வரை மட்டுமே நீரைத் தடுக்கும். நீர் அதற்கு மேல் உயர்ந்தால் உள்ளே நிரம்பிக் கனமாகி, பிள்ளையின் நடையைத் தடுமாறச் செய்யும். முழங்கால் அளவு நீரில் திறந்த சாக்கடைக் குழிகள் கண்ணுக்குத் தெரியாது. அந்நிலையில் எந்தக் காலணியும் பாதுகாப்பு அளிக்காது. நீர் வடியும் வரை காத்திருப்பதே தகும்.

தேர்வு செய்யும் முறை

* கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், பிள்ளையை நிற்க வைத்து அளவெடுக்க வேண்டும். பெருவிரலுக்கு முன் ஏறக்குறைய ஒரு செ.மீ. இடைவெளி போதும். அடுத்த ஆண்டுக்கும் ஆகும் என்று பெரிய அளவில் வாங்கினால், நீரில் கழன்று பிள்ளை இடற நேரும்.
* விரல்கள் மூடியிருக்க வேண்டும். குதிகாலைப் பிடிக்கும் வார் இருக்க வேண்டும்.
* அடிப்பாகத்தில் ஆழமான வரிப்பள்ளங்கள் தேவை. அவை தேய்ந்தால் காலணியை மாற்றிவிட வேண்டும்.

பராமரிப்பு

வீடு திரும்பியதும் காலையும் காலணியையும் சோப்பு, குழாய் நீர் கொண்டு கழுவ வேண்டும். விரல் இடுக்குகளை நன்கு துடைக்காவிடில் சேற்றுப்புண் தோன்றும். எலிக்காய்ச்சல் கிருமி ஈரத்தில் வாழும், உலர்ந்தால் மடியும். எனவே உள்ளட்டையைக் கழற்றி, காலணிக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்து, மின்விசிறியின் கீழ் முழுமையாக உலர்த்த வேண்டும். கடும் வெப்பத்தில் நுரை ரப்பர் சுருங்கிவிடும். ஒரே இரவில் உலராத காலணியை மறுநாள் அணிவிப்பதைத் தவிர்க்க, இயன்றால் இரண்டு ஜோடிகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம்.

மருத்துவரை எப்போது அணுகுவது?

தேங்கிய நீரில் நடந்தவர்கள் 72 மணி நேரத்துக்குள் மருத்துவரின் ஆலோசனையுடன் தடுப்பு மருந்து எடுத்துக்கொள்ளுமாறு மும்பை மாநகராட்சி மழைக்காலங்களில் அறிவுறுத்தி வருகிறது. பெரியவர்களுக்குப் பொதுவாக டாக்சிசைக்ளின் வழங்கப்படுகிறது. 8 வயதுக்கு உட்பட்டோருக்கு வேறு மருந்து பரிந்துரைக்கப்படும் என்பதால், பெற்றோர் தாமாக மாத்திரை கொடுக்கக் கூடாது.

அறிகுறிகள் பெரும்பாலும் 5 முதல் 14 நாட்களுக்குள் தோன்றும். காய்ச்சல், தலைவலி, கெண்டைக்கால் வலி, கண் சிவத்தல் ஆகியவை இருந்தால், பிள்ளை மழைநீரில் நடந்த நாளைக் குறிப்பிட்டு உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். அந்தத் தகவல், சாதாரணக் காய்ச்சல் என்று கருதிச் சிகிச்சை தாமதமாவதைத் தவிர்க்க உதவும்.