ஒன்றரை ஜிபிக்குள் ஒரு வகுப்பறை

கோள்கள் சுழல்கின்றன. பின்னணியில் வயலின் உருகுகிறது. கோட் சூட் போட்ட ஆசிரியர் ஸ்டுடியோ வெளிச்சத்தில் நடந்து வந்து வணக்கம் சொல்கிறார். அதற்குள் பார்க்கிற பிள்ளையின் போனில் லோடிங் வட்டம் சுற்ற ஆரம்பித்துவிடுகிறது. அதுவும் ஒரு கோள்தான்!

ஆன்லைன் பாடம் தயாரிப்பவர்கள் கேமராவுக்கு விலை கேட்கும் முன் டேட்டாவுக்குக் கணக்குப் போட வேண்டும். பத்து நிமிடப் பாடத்தை வெறும் குரலாக, விநாடிக்கு 64 கிலோபிட்டில் பதிந்தால் 5 எம்பிக்குள் அடங்கும். அதையே விநாடிக்கு 1.5 மெகாபிட் வீடியோவாகக் கொடுத்தால் 110 எம்பியைத் தாண்டும். 40 நிமிட வகுப்புக்கு 450 எம்பி. தினம் 1.5 ஜிபி பேக் போடும் வீட்டில் மூன்று வகுப்போடு கதை முடிந்தது. அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே போன், அதுவும் அப்பா வேலையிலிருந்து வந்த பிறகுதான் கிடைக்கும் என்றால்? 'அவனுக்குப் பப்ளிக் எக்ஸாம், நீ நாளைக்குப் பாரு' என்ற பதில் யாருக்கு வரும் என்று சொல்லத் தேவையில்லை.

சரி, இத்தனை ஜோடனைக்கும் பலனாவது உண்டா? இணையவழிப் படிப்புகளில் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்டதை அலசிய ஆய்வு ஒன்று 2014-ல் வந்தது. வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் மாணவர்கள் ஒரு மூச்சில் பார்த்தது பெரும்பாலும் ஆறு நிமிடத்துக்குள்தான். செலவழித்து எடுத்த ஸ்டுடியோ பதிவைவிட, ஆசிரியர் தன் மேஜையில் உட்கார்ந்து சாதாரணமாகப் பேசியது அவர்களைப் பிடித்து வைத்தது. ஸ்லைடுகளைவிட, கையால் எழுதிக்கொண்டே விளக்கிய பாடம் எடுபட்டது. இதில் ஆச்சரியம் என்ன? எழுதுகிற கையோடு கண்ணும் கூடவே நடக்கிறது. ஸ்லைடில் பத்து வரி மொத்தமாக வந்து விழ, அதையே ஆசிரியரும் வாசித்தால், படிப்பதா கேட்பதா என்று பிள்ளை திணறுகிறது.

இதய வால்வு திறந்து மூடுவதை அனிமேஷனில் காட்டினால்தானே புரியும் என்பார்கள். நியாயம்தான். அதற்கு 40 விநாடி போதும், வயலின் வேண்டாம்.

மிச்சப் பாடத்துக்குக் குரலும், கூடவே நாலு பக்கக் குறிப்பும் போதும். அண்ணன் படித்து முடித்து, அப்பாவின் போன் சார்ஜில் கிடக்கும் கால் மணி நேரத்தில் தங்கை கேட்டுவிடுவாள். ஆனால் அப்படியொரு பதிவுக்குப் பட்ஜெட் கேட்க யாருக்கும் மனம் வருவதில்லை. திறப்பு விழாவில் திரையில் போட்டுக் காட்ட அதில் ஒன்றுமில்லையே.