மே மாதத்துப் பிள்ளைகள்

சேவைச் சங்கங்களுக்கு ஆண்டு பிறப்பது ஜூலை 1-ஆம் தேதி. ரோட்டரி, லயன்ஸ் இரண்டிலுமே அன்றைக்குத்தான் பழைய தலைவர் இறங்கிப் புதியவர் பொறுப்பேற்கிறார். பிள்ளைகளின் ஆண்டு வேறு. கர்நாடகத்தில் எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட் பெரும்பாலும் மே மாதம் வரும். வந்த கையோடு டி.சி. வாங்க வேண்டும், பி.யூ. கல்லூரியில், அதாவது பதினொன்றாம் வகுப்புக்கு, அப்ளிகேஷன் போட வேண்டும், முதல் தவணைப் பணம் கட்ட வேண்டும். அந்த வாரங்களில் சங்கத்தின் பழைய தலைவர் கணக்கை முடித்துக்கொண்டிருப்பார். புதியவர் பதவியேற்பு விழாவுக்கு மண்டபம் தேடிக்கொண்டிருப்பார். உதவித்தொகைக்குக் குழு அமைத்து, கூட்டம் போட்டு, செக் எழுதும்போது ஆகஸ்ட் ஆகிவிடும். அதற்குள் உதவிக்குக் காத்திருந்த பையன் ஏதாவது ஒரு மெக்கானிக் ஷெட்டில் சேர்ந்திருப்பான்.

பிரேசர் டவுனில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். ரோட்டரியின் மாணவர் அமைப்பான இன்டராக்ட் சங்கமும் பள்ளியில் என் பொறுப்பில் இருந்தது. ஓய்வு பெற்றபின் ஒரு சேவைச் சங்கத்தில் சேர்ந்து அதன் கல்வி உதவிக் கணக்கைப் பார்த்துக்கொள்கிறேன். நோட்டுப் புத்தகம், பை, ஷூ என்று சங்கங்கள் கொடுப்பதெல்லாம் நல்ல காரியம்தான். ஆனால் ஒரு பிள்ளை படிப்பில் நிற்குமா, நழுவுமா என்பது மே, ஜூன் மாதங்களில் அதன் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. இதை வகுப்பறையிலும் பார்த்தேன், இப்போது கணக்கு நோட்டிலும் பார்க்கிறேன்.

எங்கள் பேட்டையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1898-ல் பெங்களூரில் பிளேக் பரவியது. கன்டோன்மென்ட்டின் நெரிசலான தெருக்களில் இருந்த ஜனங்களுக்குக் காற்றும் வெளிச்சமும் வேண்டும், எலி அண்டாத வீடு வேண்டும் என்று திட்டம் போட்டுக் கட்டியது பிரேசர் டவுன். மைசூர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையாருக்குச் சிறுவயதில் ஆசிரியராக இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயரை வைத்தார்கள். 1988-ல் பெயர் புலிகேசி நகர் என்று மாறியது. ஆட்டோக்காரரிடம் நாங்கள் சொல்வது இன்றும் பிரேசர் டவுன்தான். கோல்ஸ் பார்க்கைச் சுற்றிலும் மாஸ்க் ரோட்டிலும் வசதியான குடும்பங்கள் உண்டு. கொஞ்சம் நடந்தால் டேனரி ரோடு, அதையொட்டி தேவரஜீவனஹள்ளியின் சந்துகள். தையல்காரர், ஆட்டோ ஓட்டுகிறவர், பெயின்ட் அடிக்கிறவர், வீட்டு வேலைக்குப் போகிற பெண்கள் அங்கே இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளில் பலருக்கு வீட்டில் தமிழ், தெருவில் உருது, பள்ளியில் கன்னடம், பாடப்புத்தகத்தில் ஆங்கிலம். வசதி உள்ளவரும் இல்லாதவரும் இவ்வளவு கிட்டத்தில் இருப்பது, சேவை செய்ய நினைக்கிறவர்களுக்கு ஒரு பெரிய வாய்ப்பு.

இந்தச் சங்கங்களின் கதை சிகாகோவில் தொடங்குகிறது. 1905 பிப்ரவரி 23 அன்று பால் ஹாரிஸ் என்ற வக்கீலும் அவருடைய மூன்று நண்பர்களும் கூடிப் பேசியதுதான் ரோட்டரியின் முதல் கூட்டம். அவர்கள் ஊருக்காகக் கையில் எடுத்த முதல் பெரிய வேலை சிகாகோ நகரில் பொதுக் கழிப்பறை. பள்ளியில் கழிப்பறை சரியில்லாததால் வயதுக்கு வந்த பெண்கள் மாதாமாதம் லீவு போடுவதைப் பார்த்தவள் என்பதால், அந்தத் தொடக்கத்தின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. 1917-ல் மெல்வின் ஜோன்ஸ் முன்னின்று லயன்ஸ் இயக்கத்தை உருவாக்கினார். ரோட்டரி 1919-ல் கல்கத்தாவுக்கும், 1929-ல் சென்னைக்கும், 1934-ல் பெங்களூருக்கும் வந்தது. பெண்களை உறுப்பினராகச் சேர்க்க ரோட்டரியின் சட்டம் இடம் கொடுத்தது 1989-ல்தான்.

பள்ளிப் பிள்ளைகளுக்கான இன்டராக்ட், 1962 நவம்பரில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் மெல்போர்ன் என்ற ஊரின் பள்ளியில் 23 மாணவர்களோடு ஆரம்பமானது. அதற்கு அடுத்த சங்கம் உலகத்தில் வேறெங்கும் இல்லை, நம் தஞ்சாவூரில் அமைந்தது. இதைச் சொல்லும்போதெல்லாம் வகுப்பில் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். 12 வயதிலிருந்து 18 வயதுவரை இன்டராக்ட். அதற்கு மேற்பட்டவர்களுக்கு 1968-ல் தொடங்கிய ரோட்டராக்ட். லயன்ஸ் சங்கத்தின் இளைஞர் அமைப்புக்கு லியோ என்று பெயர். பெரும்பாலும் ஒவ்வொன்றையும் ஒரு பெரிய சங்கம் தத்தெடுத்து வழிநடத்தும். தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் பிள்ளைகளே. கூட்டத்தின் தீர்மானத்தை எழுதவும், ஐந்நூறு ரூபாய்க்குக் கணக்குக் காட்டவும், மேடையில் நன்றி சொல்லவும் அங்கே பழகுகிறார்கள்.

இனி எட்டாம் வகுப்போடு உதவி நின்றுபோகும் பிள்ளைகளின் கதைக்கு வருகிறேன். கட்டாயக் கல்விச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. தனியார் பள்ளிகளில் 25 சதவீத இடத்தை ஏழைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும், கட்டணத்தை அரசாங்கம் பள்ளிக்குச் செலுத்தும். கர்நாடகத்தில் 2012 முதல் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் இப்படிச் சேர்ந்தார்கள். பக்கத்தில் அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ இருந்தால் தனியார் பள்ளியில் அந்த இடம் கிடையாது என்று 2019-ல் விதியை மாற்றியபின் வரவு குறைந்துவிட்டது. ஏற்கெனவே சேர்ந்தவர்களுக்கு வேறொரு சிக்கல் காத்திருந்தது. சட்டம் 14 வயதுவரைதான். எட்டாம் வகுப்பு முடிந்ததும் அரசாங்கத்தின் பணம் நின்றுவிடும். ஒன்பதாம் வகுப்புக்குப் பெற்றோர் முழுக் கட்டணம் கட்ட வேண்டும்.

ஒரு மே மாதம் ஓர் அம்மா என் வீட்டுக்கு வந்தார். வீலர் ரோட்டில் இரண்டு வீடுகளில் வேலை செய்கிறவர். கணவர் பெயின்டர்.

“மிஸ், எட்டாவது வரைக்கும் கவர்மென்ட்டு கட்டுச்சு. இப்ப நாங்க கட்டணுமாம். பெரியவன் பி.யூ.சி. படிக்கிறான். அவனை நிறுத்திட்டு இவளைப் படிக்க வைக்கிறதா, இவளை நிறுத்துறதா? நீங்களே சொல்லுங்க மிஸ்.”

“ரெண்டு பேரையும் நிறுத்த வேணாம்மா. ரெண்டு நாள் டைம் குடு.”

சங்கம் அந்தப் பெண்ணின் ஒன்பதாம் வகுப்புக் கட்டணத்தைப் பள்ளியின் கணக்கில் நேராகக் கட்டியது. விழா இல்லை, போட்டோ இல்லை. அதற்குக் காரணம் உண்டு. உதவி செய்யும் இன்டராக்ட் மாணவியும் உதவி வாங்கும் மாணவியும் ஒரே பெஞ்சில் உட்காருகிறவர்கள். உதவி வாங்குகிறவளின் படம் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்தால் அந்த பெஞ்சில் அவளுக்கு இடம் போய்விடும். யாருக்கும் தெரியாததால்தான் அந்த வருடம் அவள் இன்டராக்ட் சங்கத்தின் செயலாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டாள். முதியோர் இல்லத்துக்குப் பழம் வாங்கிப் போனாள், ரத்ததான முகாமில் பெயர் எழுதிக்கொண்டாள், கோல்ஸ் பார்க்கில் குப்பை பொறுக்கினாள். உதவி வாங்கும் பிள்ளைக்குத் தானும் கொடுக்க ஓர் இடம் அமைய வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது அவளைப் பார்த்தபின்தான்.

அடுத்த ஆண்டு புதிய தலைவர் வந்தார். நல்ல மனிதர், உழைப்பாளி. அவருக்குக் கண் சிகிச்சை முகாமில் ஆர்வம். அது அவருடைய ஆண்டின் பெரிய திட்டம். பணமெல்லாம் அங்கே போயிற்று. முகாமில் பலருக்குப் பார்வை திரும்பியது, அதில் எனக்குச் சந்தோஷமே. ஆனால் இந்தப் பெண் பத்தாம் வகுப்பில் இருந்தாள், அவளுக்கான பணம் பட்ஜெட்டில் இல்லை. உறுப்பினர்கள் சிலர் கையிலிருந்து போட்டுச் சமாளித்தோம். தலைவரின் ஆண்டு ஒன்று; ஒன்பதாம் வகுப்பில் கைபிடித்த பிள்ளைக்கு எஸ்.எஸ்.எல்.சி. வரை இரண்டு ஆண்டு, பி.யூ. இரண்டு ஆண்டு, பட்டப் படிப்புக்குக் குறைந்தது மூன்று ஆண்டு. இந்தக் கணக்கு எந்தச் சங்கத்திலும் தானாக ஒத்துவராது. யாராவது உட்கார்ந்து ஒத்துவர வைக்க வேண்டும்.

நாங்கள் செய்த ஏற்பாடு எளிமையானது. இப்போதைய தலைவர் யார், அடுத்த ஆண்டு யார், அதற்கடுத்து யார் என்பது இந்தச் சங்கங்களில் முன்கூட்டியே தெரியும். ஒரு பிள்ளையைச் சேர்க்கும்போதே மூன்று பேரும் ஒரே தாளில் கையெழுத்துப் போட வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தோம். படிப்பு முடிகிறவரை ஆகும் தொகையில் பாதியையாவது முதல் நாளே வங்கியில் டெபாசிட் போட்டுவிட வேண்டும். அது இல்லையென்றால் அந்தப் பிள்ளையைச் சேர்க்கக் கூடாது. இதனால் எடுத்துக்கொள்ளும் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்தது. ஆண்டறிக்கையில் காட்ட அது சின்ன எண்தான் என்று சிலர் வருத்தப்பட்டார்கள். எனக்கு அந்தச் சின்ன எண்ணில் நம்பிக்கை இருக்கிறது.

தலைவர்கள் வருடாவருடம் மாறினாலும் ஒரே வேலையை விடாமல் பிடிக்க முடியும் என்பதற்கு போலியோ ஒழிப்பே சாட்சி. ரோட்டரி 1985-ல் உலக அளவில் அந்த முயற்சியைத் தொடங்கியது. இந்தியாவில் கடைசியாகப் போலியோ கண்டது 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தின் ஹவுராவில் ஒரு குழந்தைக்கு. 2014 மார்ச் 27-ல் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவுக்குச் சான்றிதழ் கொடுத்தது. இடையில் எத்தனை தலைவர்கள் வந்து போயிருப்பார்கள்! சொட்டு மருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் இன்டராக்ட் பிள்ளைகள் டேனரி ரோட்டுச் சந்துகளில் வீடுவீடாகப் போவார்கள். உருது தெரிந்த பெண் பிள்ளைகளை முன்னால் அனுப்புவேன். “அம்மீ, ரெண்டு சொட்டுதான்” என்று அவர்கள் கேட்டால் கதவு திறக்கும். சுண்டுவிரலில் மை வைத்த குழந்தைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு அந்தப் பதிமூன்று வயதுப் பிள்ளைகள் பூத்திலிருந்து திரும்புவதைப் பார்த்தால், இவர்களைச் சின்னப் பிள்ளைகள் என்று நினைக்கவே தோன்றாது.

கன்டோன்மென்ட் தமிழர்களுக்கு இதைவிடப் பழைய முன்மாதிரியும் உண்டு. அட்டாரா கச்சேரி என்று அழைக்கிற உயர்நீதிமன்றச் சிவப்புக் கட்டடத்தைக் கட்டிய ஒப்பந்ததாரர் ஆற்காடு நாராயணசாமி முதலியார். அவர் 1873-ல் ஆரம்பித்த கல்வி அறக்கட்டளை, ஆர்.பி.ஏ.என்.எம். என்ற பெயரில் அல்சூர் ஏரிப் பக்கம் இன்றும் பள்ளியும் கல்லூரியும் நடத்துகிறது. 150 ஆண்டு தாண்டியும் அது நிற்பதற்கு, கொடுத்தவர் தன் காலத்துக்கு மட்டும் கொடுக்காமல் அறக்கட்டளையாக எழுதிவைத்ததே காரணம். சேவைச் சங்கங்களும் வருடத் திட்டத்தோடு நிற்காமல், ஒரு சிறு மூலதனத்தையாவது தொடாமல் வைக்கப் பழக வேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பணத்தால் மட்டும் தீராத ஒன்று கன்னடப் பேப்பர். கணக்கில் எழுபது, எண்பது எடுக்கிற தமிழ் வீட்டுப் பிள்ளை கன்னடத்தில் தடுக்கி விழும். ரோட்டராக்ட் இளைஞர்கள் சிலர், ஐ.டி. கம்பெனிகளில் வேலை பார்க்கிறவர்கள், சனிக்கிழமை மாலைகளில் வந்து கன்னடம் சொல்லித்தருகிறார்கள். அவர்களில் ஹாசன், மாண்டியாக்காரர்கள் உண்டு. “அக்கா, ‘ஹ’ எங்க போடணும், ‘ப’ எங்க போடணும்?” என்று பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள். 2024-ல் கர்நாடகத்தில் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வை ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் வைக்கத் தொடங்கினார்கள். மே மாதம் ஒரு பாடத்தில் தவறினால் சில வாரங்களிலேயே மறுபடி எழுதலாம். அந்தச் சில வாரங்கள் எங்கள் வகுப்பு வாரம் முழுக்க நடக்கும். தோற்ற பிள்ளையை வீட்டில் திட்டித் தீர்ப்பதற்குள் கையோடு அழைத்துவருவது ரோட்டராக்ட் பையன்களின் வேலை. அண்ணன் தம்பி மாதிரி தோளில் கைபோட்டு அழைத்துவருவார்கள்.

இதைப் படிக்கிறவர்கள் வீட்டிலோ தெருவிலோ ஒன்பதாம் வகுப்புக்கோ பி.யூ.சி.க்கோ போகிற பிள்ளை இருந்து, கட்டணம் கவலையாக இருந்தால், மே மாதம்வரை காத்திருக்காதீர்கள். பிப்ரவரி, மார்ச்சிலேயே பக்கத்துச் சேவைச் சங்கத்தின் செயலாளரைப் பாருங்கள். போன வருட மார்க்ஸ் கார்டு, பள்ளியிலிருந்து கட்டண விவரம், வருமானச் சான்றிதழ், பள்ளியின் வங்கிக் கணக்கு எண் இவற்றை எடுத்துப் போங்கள். பணத்தை உங்கள் கையில் கேட்காதீர்கள், பள்ளிக்கே கட்டச் சொல்லுங்கள். அவர்களுக்கும் அது எளிது. படிப்பு முடியும்வரை தருவீர்களா என்று நேராகக் கேளுங்கள். பிள்ளையின் படத்தை வெளியிட வேண்டாம் என்றும் சொல்லுங்கள், அதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. மே, ஜூனில் பழைய தலைவர், புதிய தலைவர் இருவருடைய நம்பரும் உங்கள் போனில் இருக்கட்டும்.