சுரண்டப்படும் பழம்பூச்சும் வீட்டாரின் உரிமையும்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை பிறப்பதற்கு முன், கடலூர் முதுநகர், தேவனாம்பட்டினம் போன்ற கரையோரப் பகுதிகளிலும் சிதம்பரத்தின் தேரோடும் வீதிகளை ஒட்டிய பழைய வீடுகளிலும் அறைகளுக்கு வண்ணம் பூசும் வேலை தொடங்குகிறது. கூலிச் செலவைக் கருதிப் பல குடும்பங்கள் அதைத் தாமே செய்துகொள்கின்றன. கடற்காற்றின் உப்பும், தரையிலிருந்து சுவரில் ஏறும் ஈரமாகிய ஓதமும் பூச்சை விரைவில் உரியச் செய்வதால், இப்பகுதியில் பூசும் வேலைக்கு நிகராகச் சுரண்டும் வேலையும் இருக்கிறது. வீட்டாருக்கு நேரக்கூடிய பெருங்கேடு, கடையில் வாங்கும் புதிய டப்பாவைவிட, உப்புத்தாளால் தேய்த்தெடுக்கப்படும் பழைய பூச்சிலேயே மறைந்திருக்கிறது.

அக்கேட்டின் பெயர் ஈயம். நிறம் பளிச்சிடவும், பூச்சு விரைவில் காய்ந்து நெடுநாள் உழைக்கவும் எண்ணெய்வழிப் பூச்சுகளில், அதாவது எனாமல் வகையில், ஈயச் சேர்மங்கள் நெடுங்காலம் கலக்கப்பட்டன. மஞ்சள், ஆரஞ்சு போன்ற பளிச்சென்ற நிறங்களில் இவை கூடுதலாக இருந்தன. தூளாகி உடலில் சேரும் ஈயம் வளரும் குழந்தையின் மூளையைத் தாக்கி, கற்கும் திறனையும் கவனத்தையும் குறைக்கிறது. அதில் பாதுகாப்பான அளவு என ஒன்று அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில், வெயிலில் பொடிந்த வராந்தாக் கைப்பிடிப் பூச்சே குழந்தைகளை நோயாளிகளாக்குகிறது என்று மருத்துவர் லாக்ஹார்ட் கிப்சன் 1904இலேயே எழுதினார். கட்டட உட்புறப் பூச்சில் வெள்ளீயத்தைச் சில விலக்குகளுடன் தடுக்கும் பன்னாட்டுத் தொழிலாளர் உடன்படிக்கை 1921இல் உருவானது. இந்தியாவிலோ, வீட்டு உபயோக மற்றும் அலங்காரப் பூச்சுகளில் ஈயத்தைக் காய்ந்த எடையில் பத்து லட்சத்தில் 90 பங்குக்குள் கட்டுப்படுத்தும் விதிகள் 2016இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தன. இத்தாமதத்தின் விலையை வீட்டுக் கதவுகளும் சன்னல்களும் இன்னும் சுமந்து நிற்கின்றன. ஏனெனில் விதி புதிய டப்பாவைக் கட்டுப்படுத்துமே தவிர, அதற்கு முன் பூசப்பட்ட மரத்தையும் இரும்பையும் தொடாது.

ஆகவே பழைய எனாமல் ஏறிய கதவு, சன்னல், கிரில் ஆகியவற்றில் ஈயம் இருக்கக்கூடும் என்று கொண்டே வேலையைத் தொடங்குவது அறிவுடைமை. வெறும் சுண்ணாம்பு மட்டுமே அடித்த சுவரில் இந்த ஐயம் மிகக் குறைவு. உலர்ந்த பூச்சைத் தேய்ப்பதும், தீச்சுவாலையால் சுட்டு உரிப்பதும் ஈயத்தைக் காற்றில் கலப்பவை. நீர் தெளித்து ஈரமாகத் தேய்த்து, தூளைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுத்துக் கட்டி அகற்ற வேண்டும். அந்நாள்களில் குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் வீட்டிலேயே இல்லாதிருப்பது நல்லது. முகத்தில் கட்டும் கைக்குட்டை நுண்தூளைத் தடுக்காது என்பதால், நுண்துகள் வடிகட்டும் முகக்கவசமே தேவை. பூச்சுத் துண்டுகளைக் குழந்தை தின்றுவிட்டதாக ஐயம் எழுந்தால், அறிகுறிகளுக்காகக் காத்திராமல் மருத்துவரிடம் சென்று இரத்தத்தில் ஈய அளவைச் சோதிக்கக் கேட்க வேண்டும். படகுக்கோ லாரிக்கோ வாங்கி மீந்த பூச்சைத் தொட்டிலுக்கும் கதவுக்கும் பூசுவதும் தவறு. 90 பங்கு வரம்பு தொழிற்சாலைப் பயன்பாட்டுப் பூச்சுகளுக்குப் பொருந்தாது.

தின்னர், டர்பன்டைன் ஆகியவற்றின் ஆவி எளிதில் தீப்பற்றுவது; சன்னல்கள் திறந்திருக்க, பூசை விளக்கும் அடுப்பும் அணைந்திருக்க வேண்டும். அவற்றைக் குழந்தை குடித்துவிட்டால் வாந்தியெடுக்கச் செய்வது அத்திரவத்தை நுரையீரலுக்குள் தள்ளிவிடுமாதலால், உடனே 108ஐ அழைப்பதே வழி. சுட்ட சுண்ணாம்பை நீற்றும்போது தெறித்துக் கண்ணில் பட்டால், தூய நீரால் குறைந்தது கால்மணி நேரம் கழுவிய பின் மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

வாடகை வீடுகளில், இவ்வேலை யாருடையது என்ற வினாவே பலருக்கு எழுவதில்லை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வீட்டு உரிமையாளர், குடியிருப்போர் உரிமைகள் பற்றிய சட்டம், எழுத்து வடிவ ஒப்பந்தம் வேறு விதமாகக் கூறாதவரை, சுவருக்கு வெள்ளையடிப்பதையும் கதவு, சன்னலுக்கு வண்ணம் பூசுவதையும் உரிமையாளரின் பொறுப்பாகவே வைக்கிறது. அவர் மறுத்தால், குடியிருப்பவர் வேலையை முடித்துச் செலவை வாடகையில் கழித்துக்கொள்ள வழியுண்டு. ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் இப்பொறுப்பு பற்றிய பகுதியைப் படித்துப் பார்ப்பது அவசியம்.

பூச்சு வாங்குபவருக்கு, டப்பாவின் மேல் ஈய அளவு குறித்த அறிவிப்பு, தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும், தயாரித்த மாதமும் ஆண்டும் இருக்கின்றனவா என்று பார்த்து, இல்லாதவற்றை மறுக்கும் உரிமை உண்டு. பொருளின் குறையால் தீங்கு நேர்ந்தால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பொருட்பொறுப்பு இயலின்கீழ், அதாவது குறையுள்ள பொருளால் விளைந்த கேட்டுக்குத் தயாரிப்பாளரும் விற்பவரும் ஈடு செய்ய வேண்டும் என்னும் விதியின்கீழ், இழப்பீடு கோரலாம். ஆனால் தீங்கு நேர்ந்தபோது பொருள் தவறாகப் பயன்படுத்தப்பட்டிருந்தால் விற்பவருக்கு எதிரான கோரிக்கை நிற்காது. ஆதலால் ரசீதும், முத்திரையுடன் கூடிய டப்பாவும், வேலை நடந்தபோது எடுத்த படங்களும் காக்கப்பட வேண்டும். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915ஐ அழைக்கலாம். தீர்வு கிடைக்காதபோது கடலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத் தொடரலாம். பொருளுக்குச் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் அதைத் தாக்கல் செய்தாக வேண்டும்.